புகையானிடம் கைரேகை கேட்பதில்லை

இந்த நாட்டில் அரசு மானியம் ஒரு பைசா சிந்தாமல் போய்ச் சேருகிற பயனாளி ஒருவர் இருக்கிறார். அவரிடம் சிட்டா கேட்பதில்லை. அடங்கல் கேட்பதில்லை. ரேகை பதியவில்லை, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புவதில்லை. உயரம் மூன்று நான்கு மில்லிமீட்டர். நிறம் பழுப்பு. விலாசம்: நெல் தூரின் அடிப்பகுதி, தண்ணீருக்குச் சற்று மேலே. பெயர் புகையான்.

டெல்டாவில் இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சம்பா கதிர் பிடிக்கிற நேரத்தில் வருவார். வயலின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மஞ்சள் தட்டும். வரப்பில் நின்று பார்த்தால் கண்ணில் படாது. நாலைந்து நாளில் அந்த மஞ்சள் பழுப்பாகி, தீய்ந்து, சாய்ந்து, வட்டமாக விரியும். பக்கத்தில் இன்னொரு வட்டம். அப்புறம் இரண்டும் ஒன்றாகும். உழவு, நடவு, களை, உரம் என்று எல்லாச் செலவும் செய்து முடித்தாயிற்று. நகைக்கடன் ரசீது மட்டும் கையில் இருக்கிறது. அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம். அந்த நேரம் பார்த்து வருவார்.

பூச்சியைத் திட்டிப் பயனில்லை. அது தன் தொழிலைச் செய்கிறது. ஊசி வாயைத் தண்டில் செருகிச் சாற்றை உறிஞ்சுகிறது. இலையுறையைக் கீறி உள்ளே முட்டை வைக்கிறது. ஒரு தாய்க்கு இருநூறு, முந்நூறு முட்டை. ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். ஒரு வயலில் சாப்பாடு தீர்ந்தால் நீண்ட சிறகுள்ள பிள்ளைகளைப் பெற்று அடுத்த வயலுக்கு அனுப்பிவிடும். பல்லாயிரம் ஆண்டாகச் செய்துவருகிற வேலை. கணக்குக் கேட்க வேண்டியது வேறு ஆட்களிடம். அவர்களுக்கு நாற்காலி, ஜீப், முத்திரை எல்லாம் உண்டு.

உறிஞ்சுகிற பூச்சி என்றதும் நீங்கள் அரசியல்வாதியை நினைத்துச் சிரிக்கத் தயாராகியிருப்பீர்கள். வேண்டாம். அந்த நகைச்சுவையைக் கார்ட்டூன் போடுகிறவர்கள் சக்கையாக்கிவிட்டார்கள். விஷயம் அதைவிட மோசம். புகையான் இங்கே உவமை இல்லை. அரசுத் திட்டம்.

யூரியாவிலிருந்து தொடங்குவோம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு மூட்டை டி.ஏ.பி. 1,350 ரூபாய். அதாவது ஒரு டி.ஏ.பி. விலைக்கு ஐந்து யூரியா. கையில் காசில்லாத விவசாயி எதை அள்ளிப் போடுவான் என்று கண்டுபிடிக்கப் பொருளாதார நிபுணர் வேண்டாம். 2022-23 நிதியாண்டில் மட்டும் மத்திய அரசு உர மானியத்துக்குக் கொடுத்தது இரண்டரை லட்சம் கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு யூரியாவுக்கு.

யூரியா அதிகமானால் பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும். பக்கத்து வயல்காரர் பொறாமைப்படுவார். வேளாண் அதிகாரி வந்தால் படம் எடுத்துக்கொள்வார். அந்தக் கொழுத்த பயிரின் சாற்றில் தழைச்சத்து கூடியிருக்கும். புகையான் தேடி வருவது அதைத்தான். அதைக் குடித்தால் அதன் முட்டை கூடும், குஞ்சு பிழைப்பது கூடும், ஆயுள் கூடும். நாட்டின் கஜானாவிலிருந்து புறப்பட்ட பணம் துறைமுகம், கிடங்கு, லாரி, உரக்கடை, மூட்டை, வயல், வேர், தண்டு என்று பயணம் செய்து, கடைசியில் ஒரு பூச்சியின் வயிற்றுக்குள் பத்திரமாகச் சேர்கிறது. நேரடி மானியத் திட்டம் என்றால் இதுதான்.

யூரியா அதிகம் என்பது டில்லிக்குத் தெரியாதா? தெரியும். 2018-இல் ஒரு நடவடிக்கையும் எடுத்தார்கள். 50 கிலோ மூட்டையை 45 கிலோ ஆக்கினார்கள். விவசாயி கிலோக் கணக்கில் போடுவதில்லையாம், மூட்டைக் கணக்கில் போடுகிறானாம். மூட்டையைச் சின்னதாக்கினால் அவனுக்கே தெரியாமல் யூரியா குறைந்துவிடுமாம். இது போதாது என்று பின்னர் கந்தகம் பூசிய புது யூரியா வந்தது. மூட்டை 40 கிலோ. விலை அதே 266 ரூபாய் 50 காசு. பெயர் யூரியா கோல்டு. எடை குறைந்து விலை குறையாத பொருளுக்குத் தங்கம் என்று பெயர் வைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். இந்தப் போக்கில் போனால் விவசாயி கடைசியில் காலிச் சாக்கை வாங்கிவந்து வயலில் உதறுவான். அன்றைக்கு யூரியாப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, பூச்சி வந்துவிட்டது. விவசாயி எங்கே போவான்? வேளாண்மை விரிவாக்க மையத்துக்கா? அங்கே ஒரு உதவி அலுவலர் பல ஊர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் அன்றைக்கு ஏதாவது ஒரு செயலியில் ஏதாவது ஒரு படத்தை ஏற்றிக்கொண்டிருப்பார். அவர்மேல் குற்றமில்லை. அவரைப் பயிர் பார்க்க வேலைக்கு எடுத்து, படிவம் நிரப்ப வைத்திருக்கிறார்கள். ஆகவே விவசாயி உரக்கடைக்குப் போகிறான். அங்கே எந்நேரமும் ஆள் இருக்கிறார். கடனும் கிடைக்கும்.

"புகையான் விழுந்திருக்கு அண்ணே."

"எத்தன மா?"

"ஒம்பது மா."

"இத ரெண்டு, அத ரெண்டு. கூட ஒரு டானிக். சேத்து அடிங்க."

முடிந்தது மருத்துவம். நாடி பார்க்கவில்லை, நோயாளியை நேரில் பார்க்கவில்லை. தூருக்கு எத்தனை பூச்சி என்று கேட்கவில்லை. சிலந்தி இருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

சிலந்தி முக்கியம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையை எடுத்துப் பாருங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் தாண்டினால்தான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான்வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தி இருந்தால் பொறுமை இரண்டு மடங்கு ஆகலாம் என்று அரசுப் பல்கலைக்கழகமே கணக்குப் போட்டு அச்சடித்திருக்கிறது. தண்ணீரின்மேல் ஓடித் திரிகிற வேட்டைச் சிலந்தி, புகையான் முட்டையைத் தேடித் தேடிக் குத்திக் குடிக்கிற பச்சை நாவாய்ப்பூச்சி, தவறி விழுகிற குஞ்சைக் கவ்வுகிற நீர்ப்பூச்சி. எல்லாரும் சம்பளம், பஞ்சப்படி, ஓய்வூதியம் எதுவும் கேட்காத ஊழியர்கள். தொழிற்சங்கம்கூட இல்லை.

மருந்து முதலில் கொல்வது இவர்களைத்தான். புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. மருந்து அங்கே எட்டாது. ஒரு வாரம் கழித்துக் குஞ்சு பொரித்து வெளியே வந்து பார்க்கும். ஊரில் போலீஸ் இல்லை. அப்புறம் என்ன, ராஜ்யம்தான். செயற்கைப் பைரித்ராய்டு, மீதைல் பாரத்தியான், குயினால்பாஸ் வகையறாக்களைப் புகையானுக்கு அடிக்காதீர்கள், அடித்தால் பூச்சி பெருகும் என்று அதே பல்கலைக்கழகம் எழுதியும் வைத்திருக்கிறது. எழுதிவைத்தது நூலகத்தில் இருக்கிறது. பைரித்ராய்டு உரக்கடையில் இருக்கிறது. விவசாயி எந்தக் கட்டடத்துக்குப் போகிறான் என்பதை மேலே பார்த்தோம்.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமா? பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் செல்லையா, ஹைன்ரிக்ஸ் என்ற இரண்டு பூச்சியியலாளர்கள் 1980-இலேயே ஆய்வு முடிவு வெளியிட்டுவிட்டார்கள். சில மருந்துகளைக் கொல்லாத அளவில் வாங்கிக்கொண்ட புகையான் கூடுதலாக முட்டை வைக்கிறது என்று அதில் இருக்கிறது. விஷம் அதற்குச் சத்து மருந்தாகிவிட்டது. அதே காலத்தில் பீட்டர் கென்மோர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிலிப்பைன்ஸ் வயல்களில் உட்கார்ந்து சிலந்திகளை எண்ணினார். மருந்து அடித்த வயலில் புகையான் பெருகியது. அடிக்காத வயலில் அடங்கிக் கிடந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது பிறந்த குழந்தை இன்றைக்கு வயலுக்குச் சொந்தக்காரன். மருந்துக் கடனுக்கும் சொந்தக்காரன்.

இந்த ஆராய்ச்சியைப் படித்துப் புரிந்துகொண்டு சட்டமாக்கிய ஆட்சியாளர் ஒருவர் உண்டு. ஜனநாயக நாட்டுக்காரர் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். இந்தோனேசியாவின் சுகார்தோ.

அந்த நாடு அப்போது பூச்சிக்கொல்லிக்கு எண்பது சதவீதத்துக்கு மேல் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர் கணக்கில் செலவு. மருந்து ஏறக்குறைய இனாம். அடித்துத் தள்ளினார்கள். எழுபதுகளில் புகையான் ஜாவாவைத் தின்றது. 1973-இல் பிலிப்பைன்ஸிலிருந்து புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 என்ற நெல் ரகம் வந்தது. இரண்டு மூன்று ஆண்டில் புகையான் அதையும் தின்னக் கற்றுக்கொண்டது. அடுத்து ஐ.ஆர். 36. கொஞ்சம் மூச்சுவிட்டார்கள். 1984-இல் அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்தார்கள். 1985-இல் சுகார்தோ ரோம் நகரில் உணவு வேளாண் அமைப்பின் மாநாட்டில் போய்ப் பெருமையாகப் பேசினார். கைதட்டல் அடங்குவதற்குள் மத்திய ஜாவாவில் மறுபடியும் வட்டம் வட்டமாகத் தீய ஆரம்பித்தது.

1986 நவம்பர் 5. ஒரு ஆணை. நெல்லுக்கு அடித்துக்கொண்டிருந்த 57 பூச்சிக்கொல்லிகள் தடை. மானியம் படிப்படியாகக் குறைந்து 1989 தொடக்கத்தில் பூஜ்யம். மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு விவசாயிகளை வாரம் ஒருநாள் வயலில் இறக்கி, எது பூச்சி, எது போலீஸ் என்று எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். விளைச்சல் விழவில்லை. மருந்துச் செலவு விழுந்தது.

சுகார்தோவை நான் புகழவில்லை. லட்சக்கணக்கானவர்களின் பிணத்தின்மேல் நடந்து ஆட்சிக்கு வந்த ஆள். கொல்வதில் அனுபவம் உள்ளவர். அவருக்கே எதைக் கொல்லக்கூடாது என்று புரிந்தது. பின்னால் அவரும் போனார், மருந்துச் சந்தையின் கதவும் மறுபடி திறந்தது, 2010-11-இல் புகையான் ஜாவாவுக்குத் திரும்பி வந்தது. பூச்சிக்கு ஞாபக மறதி இல்லை.

நம் கதைக்கு வருவோம். ஒருங்கிணைந்த பயிர் பாதுகாப்புதான் எங்கள் கொள்கை என்று இந்தியா 1985-இலேயே அறிவித்துவிட்டது. சுகார்தோவுக்கு ஓராண்டு முன்னால். அறிவிப்பதில் நம்மை யாரும் முந்த முடியாது. அதற்கென்று டில்லியில் ஒரு தேசிய மையம், மாநிலங்களில் மையங்கள், பயிற்சி முகாம், மதிய உணவு, குரூப் போட்டோ, சான்றிதழ். எல்லாம் உண்டு.

தடை? அதையும் செய்தோம். 2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்யப்போவதாக வரைவு அறிவிக்கை வெளியிட்டது. மனிதருக்கும் கால்நடைக்கும் ஆபத்து என்று அரசே காரணம் எழுதியது. பட்டியலில் குயினால்பாஸ் இருந்தது. பைரித்ராய்டு வகை டெல்டாமெத்ரின் இருந்தது. இரண்டுமே புகையானின் பழைய நண்பர்கள். ஆட்சேபம் வந்தது, கால அவகாசம் வந்தது, குழு வந்தது, குழுவை ஆராயக் குழு வந்தது. 2023-இல் இறுதி ஆணை. முழுத் தடை விழுந்தது மூன்றுக்கு. மற்றவற்றில் சிலவற்றுக்கு லேபிளில் ஏதோ ஒன்றிரண்டு பயிரின் பெயரை அடித்தார்கள். புகையானின் நண்பர்கள் இருவரும் நலமாக வீடு திரும்பினார்கள்.

லேபிள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு தலைமுறை புகையான் பெரியவனாகிவிடும்.

மாநில அரசு தடை செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், 27-ஆவது பிரிவு, அனுமதிக்கிறது. 60 நாளுக்கு. அப்புறம் தேவைப்பட்டால் இன்னும் 30 நாளுக்கு. அவ்வளவுதான் மாநிலத்தின் அதிகாரம். சில ஆண்டுகளுக்கு முன் தற்கொலைகளைத் தடுப்பதற்காகத் தமிழக அரசு ஆறு மருந்துகளைத் தடைசெய்தபோது அந்தத் தடையின் ஆயுளும் 60 நாள்தான். சி.ஆர். 1009 நெல் அறுப்புக்கு வர 155 நாள் ஆகும். ஒரு மருந்து விஷம் என்பது நிரூபணமானாலும், ஒரு பயிர் விதைத்து அறுக்கிற காலம்வரைகூட அதை மாநிலத்தால் நிறுத்திவைக்க முடியாது. அறுபது நாள் என்பது புகையானுக்கு இரண்டு தலைமுறை. அது தன் பேரனிடம் சொல்லும்: கொஞ்சம் பொறு, தடை முடியப் போகிறது.

இந்தச் சட்டத்தை மாற்ற 2008-இல் மாநிலங்களவைக்கு ஒரு மசோதா வந்தது. தூங்கியது. 2020-இல் இன்னொன்று வந்தது. அதுவும் படுத்துக்கொண்டது. நாடாளுமன்றத்தில் ஒரே நாளில் நிறைவேறிய சட்டங்களின் பட்டியல் உங்களுக்கே தெரியும். நான் போட வேண்டியதில்லை.

சட்டத்துக்குத்தான் வேகம் போதவில்லை. தொழில்நுட்பத்துக்கு இருக்கிறது. 2023-இல் நமோ ட்ரோன் தீதி திட்டம். 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய்வரை மானியம். ட்ரோன் ஓட்டக் கற்ற பெண்கள் நன்றாக இருக்கட்டும், அவர்கள்மேல் வருத்தமில்லை. ஆனால் புகையான் எங்கே இருக்கிறது? தூரின் அடியில். பயிர் மூடிய வயலில் அதன் தலைக்கு மேல் முழு நெற்பயிரும் கூரையாக நிற்கிறது. தூரின் அடி நனைய அடியுங்கள் என்றுதான் வேளாண்மைத் துறையே சொல்கிறது. கைத்தெளிப்பானில் குனிந்து அடிக்கிறவனுக்கே அது சிரமம். ட்ரோன் வானத்திலிருந்து ஏக்கருக்குப் பத்து லிட்டர் தூவிவிட்டுப் போகிறது. நனைவது தோகை. சாவது தோகையில் வலை கட்டிய சிலந்தி. புகையான் கீழே நிழலில் இருக்கிறது. மேலே ஏதோ சத்தம் கேட்கிறதே என்று அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட உட்காரும்.

ஆனால் படம் நன்றாக வருகிறது. ட்ரோனுக்கு முன்னால் அமைச்சர் நின்றால் செய்தி. வரப்பில் குனிந்து தூரைத் தட்டி, தண்ணீரில் விழுகிற பூச்சியை எண்ணினால் செய்தியில்லை. எண்ணுவதற்கு மானியமும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஆண்டுதோறும் மார்கழியில் ஒரு பத்திரிகைச் செய்தி வரும். தேதியை மட்டும் மாற்றி, போன ஆண்டுக் கோப்பிலிருந்து எடுத்தது. விவசாயிகள் அச்சப்படத் தேவையில்லை. தழைச்சத்து உரத்தைப் பிரித்து இடவும். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடவும். விளக்குப்பொறி வைக்கவும். எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களைப் பயிரிடவும். வயலில் தண்ணீரை வடித்துக் காயவிடவும்.

ஒவ்வொன்றும் சரியான யோசனை. அதனால்தான் கோபம் வருகிறது. பட்டம் விட்டு நட வேண்டும் என்பதை நட்டு எண்பது நாள் கழித்துச் சொல்கிறார்கள். தண்ணீரை வடிக்கச் சொல்கிறார்கள். எங்கே வடிக்க? வடகிழக்குப் பருவமழை பெய்து வாய்க்கால் வயலைவிட உயரத்தில் ஓடுகிறது. வடிகாலில் ஆகாயத்தாமரை பூத்துக் குலுங்குகிறது. ஆண்டுதோறும் மேட்டூர் திறப்பதற்கு முன் தூர்வாரியதாகக் கணக்கு இருக்கிறது. பலகை இருக்கிறது. பலகையில் மதிப்பீட்டுத் தொகை இருக்கிறது. வடிகால் மட்டும் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. கடைமடைக்காரன் கையில் வாளியோடு நின்று, இந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

எதிர்ப்புத் திறனுள்ள ரகம் பற்றியும் கேளுங்கள். உலகத்து நெல் விஞ்ஞானிகள் புகையானைத் தாங்கும் மரபணுவைத் தேடி அலைந்தபோது, 1971-இல் முதன்முதலில் அடையாளம் கண்ட இரண்டில் ஒன்று எங்கே இருந்தது தெரியுமா? ஏ.எஸ்.டி. 7. அம்பாசமுத்திரத்து நெல். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தது. இன்றைக்கும் புகையான் ஆராய்ச்சியில் உலகம் முழுக்க அளவுகோலாக நட்டுப் பார்க்கிற பி.டி.பி. 33 பக்கத்துக் கேரளத்தின் பட்டாம்பி நெல். பூட்டுக்குச் சாவி நம் வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. நம் வயலிலோ ஆந்திரா பொன்னி. புகையானுக்கு அதைப்போல விருந்து வேறில்லை. சன்ன அரிசிக்குத்தான் விலை. விவசாயி என்ன செய்வான்? அம்பையின் மரபணுவைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் மரபணுவைக் கருத்தரங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கடைசியில் வயல் போய்விட்டது. நிவாரணம் இருக்கிறதே என்பீர்கள்.

இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் பட்டியலில் பூச்சித் தாக்குதலும் ஒரு பேரிடர். நிலநடுக்கம், சுனாமி, பனிச்சரிவு ஆகியோர் வீற்றிருக்கும் சபையில் புகையானுக்கும் ஆசனம் உண்டு. எனக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம். சுனாமிக்கு டீலர் கிடையாது. நிலநடுக்கத்துக்கு யாரும் மூட்டை மானியம் தருவதில்லை. பனிச்சரிவை அதிகமாக விற்றவருக்குக் கம்பெனி செலவில் பாங்காக் பயணம் இல்லை. (பாங்காக் போகிறவர்கள் அங்கே ஒருநாள் வயல்பக்கமும் போய்வரலாம். சைபர்மெத்ரினும் அபாமெக்டினும் நெல்லுக்கு வேண்டாம் என்று தாய்லாந்தின் நெல் துறை 2011-இலேயே சொல்லிவிட்டது. காரணம் புகையான்.)

பேரிடர் நிவாரணம் பெற 33 சதவீதச் சேதம் வேண்டும். பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராது. உழவுக்கும் நடவுக்கும் கொடுத்த கூலியோடு அது தீர்ந்துவிடும். மருந்துக்கடை பாக்கி அப்படியே நிற்கும்.

பயிர்க் காப்பீடு இதைவிட ரசமானது. புகையான் வட்டம் வட்டமாகத் தின்னும். காப்பீடு கிராமம் கிராமமாகப் பார்க்கும். ஊரில் நான்கு இடத்தில், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டி, அறுத்து, எடைபோட்டு, சராசரி எடுப்பார்கள். உங்கள் ஒன்பது மாவும் சாம்பலாகியிருக்கலாம். அறுத்துப் பார்த்த நான்கு வயலும் நன்றாக விளைந்திருந்தால், சராசரிப்படி நீங்களும் நன்றாக விளைத்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். தனி வயலுக்கென்று வந்து பார்க்கிற விதியும் இருக்கிறது. ஆலங்கட்டி மழை பெய்தால் வருவார்கள். மின்னல் விழுந்து தீப்பிடித்தால் வருவார்கள். நிலச்சரிவு ஏற்பட்டால் வருவார்கள். திருவாரூர்ச் சமவெளியில், மேடே இல்லாத ஊரில், உங்கள் வயலில் ஒரு நிலச்சரிவு ஏற்பட்டதென்றால் அளக்க ஆள் வருவார். புகையானுக்கு வரமாட்டார்.

ஆக, அரசு பூச்சியை வளர்க்கப் பணம் கொடுக்கிறது. கொல்லுகிறேன் என்று பறக்கப் பணம் கொடுக்கிறது. கொல்ல முடியாமல் போனதற்குப் பேரிடர் என்று பெயர் வைத்துப் பணம் கொடுக்கிறது. மூன்று இடத்திலும் பணம் அரசுடையது, அதாவது உங்களுடையது. நான்காவதாக ஒருவன் தன் சொந்தப் பணத்தில் டப்பா டப்பாவாக வாங்கி அடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அறிவுரை இலவசம்.

தை பிறந்து, தீய்ந்தது தீய்ந்தபடி, மிஞ்சியதை அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் இரவுபகல் காத்துக் கிடந்து முடித்தபின், ஒன்றியத் தலைநகரின் கல்யாண மண்டபம் ஒன்றில் புது மருந்து அறிமுகக் கூட்டம் நடக்கும். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்கும். வாசலில் தொப்பி கொடுப்பார்கள். டீசர்ட் கொடுப்பார்கள். முன்வரிசையில் டீலர்கள். மேடையில் டை கட்டிய இளைஞர். சிறப்பு விருந்தினர் நாற்காலியில், பூச்சி மேலாண்மை பற்றித் துண்டறிக்கை எழுதிய அதே துறையின் அதிகாரி. திரையில் புகையான் ஒரு யானை அளவுக்குத் தெரியும். அடுத்த படத்தில் மல்லாந்து கிடக்கும். இனி உங்கள் வயலில் புகையான் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று இளைஞர் சொல்வார். கைதட்டல். பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வரும்.

கேள்வி நேரமும் உண்டு. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்திருப்பார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்:

"தம்பி, போன வருசமும் இதே மண்டபத்துல ஒன்னு குடுத்தீங்களே. அதுக்கும் இப்படித்தான் சொன்னீங்க. அது என்ன ஆச்சு?"

இளைஞர் டீலரைப் பார்ப்பார். டீலர் அதிகாரியைப் பார்ப்பார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"நல்ல கேள்வி ஐயா. அதையும் இதோட சேத்து அடிங்க."